சுண்ணாம்பு விரல்

அம்பாசமுத்திரத்தில் நான் பஸ்ஸை விட்டு இறங்கியபோது பங்குனி வெயில் மண்டையைப் பிளந்தது. அக்கா உலகம்மாளைக் கையோடு கூட்டிப்போக வந்திருந்தேன். வெள்ளிக்கிழமை பேயோட்டக் கோடாங்கி வருகிறான், அக்காவின் உச்சிமுடியைப் புளியமரத்தில் வைத்து ஆணியடிக்கப் போகிறார்கள் என்று அடுத்த வீட்டிலிருந்து போன் வந்திருந்தது. ஏற்பாடு செய்தவர் அக்காவின் கணவர், சங்கர் அத்தான். அணைக்கட்டில் எஞ்சினியர். ஆற்றுத் தண்ணீரை அளந்து சொல்கிற மனுஷனுக்கு வீட்டுப் படி ஏறியதும் படிப்பு மறந்துபோகும்.

அக்கா வீட்டுக்குள்ளே அந்தத் தூண். அதைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும். அக்காவின் மாமியார் ஆவுடையம்மாள் எந்நேரமும் வெற்றிலை மெல்லுகிறவள். விரலில் மிஞ்சும் சுண்ணாம்பை அந்தத் தூணில்தான் துடைப்பாள். அவள் போன ஐப்பசியில் செத்துப்போனாள். பொங்கலுக்கு வெள்ளையடித்தபோதும் அத்தான் அந்தத் தூணை மட்டும் யாரையும் தொடவிடவில்லை.

அதன் அடியில் அக்கா உட்கார்ந்திருந்தாள். வெறும் வாயை மென்றுகொண்டிருந்தாள். நாக்கு வெளியே வந்து வந்து போனது. கட்டைவிரல் ஆட்காட்டி விரலை ஓயாமல் தடவியது, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிற மாதிரி.

பேய் இல்லை, மாத்திரை. பிள்ளை பிறந்து இறந்த துக்கத்தில் அக்காவுக்குப் புத்தி பிசகியது. அந்த மாத்திரைதான் அவளை மீட்டுக் கொடுத்தது. அதன்பின் டாக்டர் பக்கமே போகாமல், பழைய சீட்டைக் காட்டி வருஷக்கணக்காக அதையே வாங்கி விழுங்கினாள். போன மாதம் பாளையங்கோட்டையில் நான் காட்டிய டாக்டர், நாள்பட அந்த மாத்திரையே நரம்பைக் கெடுத்து வாயையும் விரலையும் ஆட்டிவைக்கிறது என்றார். இனி நிறுத்தினாலும் இது போகும் என்று உறுதி சொல்லமுடியாதாம். தூங்கும்போது மட்டும் நின்றுவிடும் என்றார்.

மாமியார் செத்த சமயத்தில் இது தொடங்கித் தொலைத்ததுதான் அக்காவின் தலைவிதி. செத்த அம்மாதான் அவள்மேல் இறங்கி மெல்லுகிறாள் என்று அத்தான் நம்பிவிட்டார். தாம்பாளத்தில் வெற்றிலையும் புகையிலையும் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். "போட்டுக்கோம்மா" என்றார்.

கட்டின பெண்டாட்டியை அம்மா என்கிறார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

அவர் அப்பால் போனதும் அக்கா என் கையைப் பிடித்தாள். புகையிலை பட்டு அவள் வாயெல்லாம் புண்.

"விஜயா, இது நாந்தான், உன் அக்கா. வாய் மட்டும் என் பேச்சக் கேக்க மாட்டேங்கு."

அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு அத்தானிடம் போனேன். "பேய் தூங்குமா அத்தான்? அக்கா கண்ணயரட்டும். வாய் நின்னுட்டுன்னா என்கூட அனுப்பிருவியளா?"

"நின்னுட்டுன்னா கூட்டிட்டுப் போ" என்றார்.

சாப்பிட்டுவிட்டு அக்கா பாயில் படுத்தாள். உச்சிப்பொழுது. தெருவில் ஒரு காக்கைகூட இல்லை. நாங்கள் இரண்டு பேரும் சுவரோரம் உட்கார்ந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். மெல்லுவது பைய பையக் குறைந்தது. விரல் நின்றது. உதடுகள் மூடின. எத்தனையோ நாளைக்குப் பிறகு என் அக்காவின் முகத்தைப் பார்த்தேன்.

அப்போது புகையிலை வாசனை வந்தது.

சப்பு.

அக்காவின் உதடு அசையவில்லை.

சப்பு. சப்பு.

தூணின் பக்கமிருந்து.

அத்தான் என் பக்கம் திரும்பாமலே முணுமுணுத்தார். "வாய் நின்னுட்டு விஜயா. சத்தம் நிக்கலியே."

"எனக்கு ஒண்ணும் கேக்கல" என்றேன். உள்ளங்கால் சில்லிட்டுப் போயிருந்தது.

அவர் எழுந்து தாம்பாளத்தை எடுத்துப்போய்த் தூணடியில் வைத்தார். ஆளில்லாத அந்த இடத்தில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டார். எழுந்தபோது முகத்தில் ஒரு தெளிவு. அம்மா அங்கேதான் இருக்கிறாள், உலகம்மாளை நீ தாராளமாகக் கூட்டிப்போ என்றார். இருக்கட்டும், பெற்ற மகனோடேயே இருக்கட்டும் என்று நானும் நினைத்துக்கொண்டேன். அக்காவை எழுப்பி, உடுத்திய சேலையோடு கிளப்பினேன்.

பாபநாசத்திலிருந்து வந்த பஸ்ஸில் மூன்று பேர் சீட்டு கிடைத்தது. சன்னல் கம்பியெல்லாம் புழுதி. கைக்குட்டையால் துடைத்துவிட்டேன். சன்னலோரம் வெயில் அடித்ததால் அந்த இடத்தைக் காலியாக விட்டு அக்கா நடுவில் உட்கார்ந்தாள். முன்சீட்டுப் பிள்ளைகள் அவள் வாயைப் பார்த்துச் சிரித்தன. அவள் முந்தானையால் மூடிக்கொண்டாள்.

"தூங்கும்போதாவது நிக்குதா விஜயா?"

"நிக்குதுக்கா. நான் பாத்தேன்."

"அப்போ தூங்குதேன்" என்று என் தோளில் சாய்ந்தாள். இனி அவளுக்கு மிச்சம் அந்தத் தூக்கம் ஒன்றுதான். அதையாவது யாரும் கெடுக்காமல் பார்த்துக்கொள்ளவேண்டும் என்று நினைத்தேன்.

வீரவநல்லூர் தாண்டியதும் முந்தானை நழுவியது. வாய் மூடியிருந்தது. மடியில் விரல்கள் சும்மா கிடந்தன.

சப்பு.

நான் திரும்பவில்லை.

சப்பு. சப்பு.

அக்கா தூக்கத்திலேயே என் பக்கம் ஒடுங்கினாள், பக்கத்தில் யாரோ இடம் கேட்ட மாதிரி.

திரும்பினேன். சன்னலோரம் யாருமில்லை. நான் துடைத்த கம்பியில் ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளையாக எதையோ தடவியிருந்தது. தொட்டுப் பார்த்தேன்.

சுண்ணாம்பு. ஈரம் காயவில்லை.