செல்மாவுக்கு எந்தத் துப்பாக்கி?

"டிக்!"

அவ்வளவுதான். வெடிச் சத்தமும் இல்லை, புகையும் இல்லை. ஆனால் செல்மாவின் தோள் மட்டும் குதிரை உதைத்தாற்போல் துள்ளியது. கண்கள் இறுக மூடிக்கொண்டன. துப்பாக்கியின் குழல் ஒரு சாண் கீழே இறங்கித் தரையைப் பார்த்தது.

பின்னால் யாரோ சிரிப்பை அடக்கும் சத்தம்...

திரும்பினாள். பச்சைத் தொப்பிக்காரன்! ஊர்த் துப்பாக்கிப் பயிற்சித் திடலைச் சனி, ஞாயிறுகளில் கவனித்துக்கொள்பவன். 'தோட்டாவை நான் போட்டுத் தர்றேன், நீங்க குறியை மட்டும் பாருங்க' என்று பத்து நிமிடத்துக்கு முன் நல்லவன்போல வந்து நின்றவன்.

"என்ன தோட்டா அது?"

"மருந்து இல்லாத தோட்டாங்க. நாலு நிஜத்துக்கு நடுவுல ஒரு பொய்."

"என்னை ஏமாத்தினீங்களா?"

"நான் எங்கங்க ஏமாத்தினேன்? துப்பாக்கி வெடிக்கலை... நீங்கதான் வெடிச்சீங்க."

செல்மாவின் முகம் சிவந்தது. அமெரிக்க வட எல்லையின் சுப்பீரியர் ஏரிப் பக்கமிருந்து வந்த நவம்பர்த் தூறல் தகரக் கூரையில் சலசலத்தது. நூறு கஜத்துக்கு அப்பால் அவள் குறிபார்த்துச் சுட்ட தாள் நனைந்து தொங்கியது. நான்கு ஓட்டைகளும் நான்கு திசையில் கிடந்தன.

"சிரிச்சு முடிச்சிட்டீங்களா?"

"சத்தியமா சிரிக்கலைங்க. இந்தத் துப்பாக்கி சுடும்போது உங்க தோளை ரொம்ப உதைக்குது. உதை வரும்னு உடம்பு முன்னாடியே பயப்படுது. அதான்..."

"இது தேர்ட்டி நாட் சிக்ஸ், பெரிய தோட்டா ரகம். எங்க தாத்தா வெச்சிருந்தது. எங்க நீமி குடும்பத்துல எல்லாரும் இதைத்தான் தூக்குவோம். நீங்க யாரு அதைச் சொல்ல?"

"ஜோரி. ஜோரி ட்ரெவாரோ. லாரி ரிப்பேர் பண்றவன்."

"பேரைக் கேட்கலை!"

உறையில் துப்பாக்கியைத் திணித்துக்கொண்டு நடந்தாள். காரில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினாள். கோபம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கோபம் மட்டுமா?

போன வருட வேட்டையில் அவள் சுட்ட ஆண்மான் சற்றே கோணலாகத்தான் நின்றது. விசையை இழுக்கும்போது கண்ணை மூடிக்கொண்டது அவளுக்குத் தெரியும். பனியில் அரை மைல் தூரம் ரத்தச் சொட்டுகள்... பிறகு தேவதாரு மரங்கள் நிறைந்த சதுப்பு. இரண்டு நாள் தேடினாள். கிடைக்கவில்லை. "தோல்ல கீறியிருக்கும், பிழைச்சிருக்கும்" என்றார் அப்பா ரெய்னோ. அவள் கண்ணை மூடியதை யாரிடமும் சொல்லவில்லை.

மானுக்கு வலித்திருக்குமே... அந்த நினைப்புதான் வருடம் முழுக்கக் கூடவே வந்தது. வேட்டை தொடங்கும் பதினைந்தாம் தேதிக்கு இன்னும் இரண்டே வாரம்.

அந்தப் பச்சைத் தொப்பிக்காரன் சொன்னது பொய்யாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! சாம்பல் நிறக் கண்கள் வேறு அவனுக்கு. மழையில் ஏரி எப்படி இருக்குமோ, அப்படி... சீ, அதை யார் பார்க்கச் சொன்னது?

அடுத்த சனிக்கிழமை அவள் கால்கள் தானாகவே அங்கே போய் நின்றன. அவன் கொட்டகையில் உட்கார்ந்து, இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்துச் சுட்ட பாஸ்டியைக் கடித்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் விழுங்க மறந்தான்.

"சாப்பிட்டு முடிங்க. நான் ஒண்ணும் உங்களைப் பார்க்க வரலை."

"தெரியுங்க. மழையைப் பார்க்க வந்திருப்பீங்க."

சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. கஷ்டப்பட்டு விழுங்கினாள்.

"உதைக்காத துப்பாக்கி ஏதாவது இருக்கா?"

இரண்டு கொண்டுவந்தான். முதலாவது அவன் தங்கையுடைய டூ ஃபார்ட்டி த்ரீ. சின்னத் தோட்டா. தோளில் பூனைக்குட்டி முட்டுவதுபோலத்தான் இருந்தது. தாளில் மூன்று ஓட்டைகளும் ஒரு டம்ளர் வாயளவுக்குள் அடங்கின. செல்மா குதிக்காத குறை.

"இதையே வாங்கிடவா?"

"வாங்கலாம். மான் பக்கவாட்டுல நின்னா இது போதும். நீங்க எங்க உட்காருவீங்க?"

"சதுப்போரம். அங்க மான் எப்பவும் நேரா நிக்காது..." குரல் இறங்கியது. "கோணல்ல நின்னா குண்டு ஆழமா போகணும். இல்லேன்னா அது ஓடிப்போய் எங்கயோ கிடந்து..."

ஜோரி அவள் முகத்தைப் பார்த்தான். ஏன் என்று கேட்கவில்லை. இரண்டாவது துப்பாக்கியை மெல்ல நகர்த்தி வைத்தான்.

"செவன் நாட் எயிட். என்னோடது. அதைவிடக் கனமான குண்டு, உங்க தாத்தாவோடதை விடக் குறைஞ்ச உதை. சுட்டுப் பாருங்க."

சுட்டாள். கண் திறந்தே இருந்தது! குண்டு தாளைத் துளைப்பதையே பார்த்துவிட்டதுபோல் இருந்தது அவளுக்கு. திரும்பியபோது அவன் தாளைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்... இருவரும் சட்டென்று வேறு பக்கம் திரும்பினார்கள்.

அன்றிரவு, அதே ரகத் துப்பாக்கி வாங்கப்போவதாகச் செல்மா சொன்னதும் வீட்டில்தான் வெடித்தது.

"செவன் நாட் எயிட்டா? முயல் சுடப் போறியா கண்ணு?" ரெய்னோ கரண்டியைக் கீழே வைத்தார். "எனக்குப் பையன் இல்லை. ஆனாலும் எங்கப்பன் துப்பாக்கியை உன் கையில குடுத்தேன். எதுக்கு? எவன் சொன்னான் இதை மாத்தச் சொல்லி?"

"யாரும் சொல்லலைப்பா..."

"ட்ரெவாரோ வீட்டுப் பய, அதானே? ஊரே சொல்லுது நீ அங்க போறேன்னு!"

மறுநாள் காலையில் ரெய்னோவின் வண்டி திடலுக்குள் சீறிக்கொண்டு வந்தது. தாத்தாவின் துப்பாக்கி பின்சீட்டில். பின்னாலேயே தன் காரில் வந்த செல்மா இறங்கி ஓடிவந்தாள்.

"ஏம்ப்பா தம்பி! என் பொண்ணுக்கு என்ன குறைன்னு அவ துப்பாக்கியை மாத்தச் சொல்ற?"

ஜோரி ஒரு சொல் சொன்னால் போதும். 'உங்க பொண்ணு கண்ணை மூடிக்கிறாங்க.' செல்மா அவன் வாயையே பார்த்தாள்.

"குறை எதுவும் இல்லைங்க பெரியவரே. என் துப்பாக்கியைப் பெருமையடிச்சுக் காட்டினேன். தப்பு என்மேலதான்."

"அப்ப இனிமே என் வீட்டு விஷயத்துல மூக்கை நுழைக்காதே!"

"சரிங்க."

தலைகுனிந்து நின்றான். பொய் சொல்லி, திட்டும் வாங்கிக்கொண்டு... எனக்காகவா? செல்மா இருவருக்கும் நடுவே போய் நின்றாள்.

"அப்பா, நிறுத்துங்க! அவர் பொய் சொல்றாரு. போன வருஷம் நான் கண்ணை மூடிக்கிட்டுத்தான் சுட்டேன். அந்த மான் பிழைக்கலை. சதுப்புல கிடந்து செத்திருக்கும். இந்த உதைக்குப் பயந்துதான்... உங்ககிட்ட சொல்ல வெட்கமா இருந்துது."

ரெய்னோ வண்டியிலிருந்து தன் அப்பாவின் துப்பாக்கியை எடுத்தார். பிறகு சுடும் மேசையருகே போய்ப் பொத்தென்று உட்கார்ந்தார்.

"நீமி குடும்பத்துக்கு உதை ஒரு பொருட்டா? தம்பி, போடு தோட்டாவை. நான் காட்டுறேன்."

ஜோரி செல்மாவைப் பார்த்தான். செல்மா மெல்லத் தலையசைத்தாள்.

முதல் குண்டு வெடித்தது. இரண்டாவதும் வெடித்தது. மூன்றாவது...

"டிக்!"

ரெய்னோவின் தொப்பியே கழன்று விழுந்தது! ஆறடி மனிதர் பெஞ்சோடு பின்னால் சாய்ந்தார். இருவரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். முதலில் சிரித்தவர் அவர்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர...

"நாப்பது வருஷம்டா! நாப்பது வருஷமா நானும் துள்ளிக்கிட்டுத்தான் இருந்திருக்கேன், எவனும் சொல்லலையே!" கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கண்ணு, உனக்கு எது கையில நிக்குதோ அதை வாங்கிக்கோ. எங்கப்பன் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டான்."

பதினைந்தாம் தேதி. விடியலில் முதல் பனி விழுந்திருந்தது. செல்மா புதுத் துப்பாக்கியோடு சதுப்போரம் உட்கார்ந்திருந்தாள். எட்டுக் கிளைக் கொம்புள்ள ஆண்மான் மரங்களுக்கிடையே சற்றே கோணலாக வந்து நின்றது. மூச்சை மெல்ல விட்டாள். கண் மூடவில்லை.

ஒரே குண்டு. இருபது தப்படி ஓடி, அப்படியே அமைதியாகச் சாய்ந்தது. அருகே மண்டியிட்டு அதன் கழுத்தைத் தடவிக்கொடுத்தாள். அழுகையா நிம்மதியா என்று தெரியவில்லை. விரல்கள் தானாகவே கைபேசியைத் தேடின.

அரை மணியில் வேட்டைக்கான ஆரஞ்சுச் சட்டையும் மானை இழுக்கக் கயிறுமாக ஜோரி ஓடிவந்தான், மூச்சு வாங்க.

"அருமையான அடிங்க! ஆனா... உங்கப்பா பக்கத்து மேட்டுலதானே உட்கார்ந்திருக்காரு? அவரைக் கூப்பிட்டிருந்தா அஞ்சு நிமிஷத்துல வந்திருப்பாரே?"

"ஆமா."

"அப்புறம் ஏன் என்னை...?"

செல்மா பனியைப் பார்த்தாள். "முதல்ல நீங்க சொல்லுங்க. உங்களுக்கு இன்னிக்கு என்ன கிடைச்சுது?"

"பத்துக் கிளைக் கொம்புக்காரன் ஒருத்தன். அறுபது கஜத்துல, எனக்கு நேரா. விசையில விரல் வெச்சேன்... பாக்கெட்ல போன் கிர்ருன்னுச்சு. ஒரே பாய்ச்சல். போயே போயிட்டான்."

"ஐயோ! என்னாலயா? எடுக்காம இருந்திருக்கலாமே!"

"போன்ல உங்க பேரைப் பார்த்தேங்க. மான் ஓடினதைக்கூடப் பார்க்கலை." தொப்பியைக் கழற்றிக் கையில் திருகினான். "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு, செல்மா. ரொம்ப..."

பனித்துகள் ஒன்று அவள் இமையில் விழுந்து கரைந்தது. கயிற்றின் நடுவை மானின் கொம்பில் கட்டி, ஒரு முனையை அவன் கையில் கொடுத்தாள். மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டாள்.

"எனக்கும்தான்," என்றாள். "இனிமே அந்த 'ங்க'வை விட்டுடு, ஜோரி. இழு!"