கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீர்

இடுப்பு காலையிலிருந்து விண்விண் என்று தெறித்துக்கொண்டிருந்தது. படகின் இஞ்சின் அறையில் நிமிர இடம் கிடையாது. குனிந்தே நுழைந்து, குனிந்தே திருகி, குனிந்தே திட்டு வாங்குகிற வேலை. பதினெட்டு வருஷமாக வளைந்துபோன மெக்கானிக் என்றைக்காவது வீட்டில் நெஞ்சை நிமிர்த்தி நின்றால், "யார் கூட சண்டை?" என்று மனைவி கேட்பாள். ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, மறுகையால் டீசலை வடிகட்டும் பில்டருக்குக் கீழே தொங்கும் கண்ணாடிக் கிண்ணத்தின் மேல் டார்ச்சை அடித்தான்.

பாதிக் கிண்ணம் தண்ணீர்.

காலையில் இரண்டு தடவை வடித்தாயிற்று. டீசல் தேன் நிறத்தில் மேலே நிற்கும். தண்ணீர் கனம், அடியில் உட்காரும். அடித்திருகைத் தளர்த்தினால் ஒழுகிப் போய்விடும். டேங்க் பாதி காலியாகக் கிடந்தால் குளிரில் உள்சுவர் வியர்த்து வாரத்துக்கு ஒரு ஸ்பூன் தண்ணீர் சேர்வது சகஜம்தான். ஆனால் இந்த டேங்கை முந்தாநாள்தான் அவனே கழுவி, துணி கட்டி வடித்து, கழுத்துவரை டீசல் நிரப்பினான். வியர்க்க அதில் இடமே இல்லை.

திருகைத் தளர்த்தி டப்பாவில் பிடித்தான். விரலால் தொட்டு நாக்கில் வைத்தான்.

உப்பு.

டேங்க் கடலைத் தொடுவதே இல்லை. இரும்புக் கால்கள்மேல், நாலு பக்கமும் கை நுழைகிற இடைவெளியோடு நிற்கிறது. தடவிப் பார்த்தான். வெளிப்புறம் தூசி பறக்கக் காய்ந்திருந்தது.

மேலே வாசலில் வெளிச்சம் மறைந்தது. சின்னவனின் தலை. மனைவியின் தம்பி, படகு அவனுடையது.

"என்ன மாமா, உள்ள பிரசவமா பாக்குறீங்க? அஞ்சு மணிக்குக் கயிறு அவுக்கணும்."

"தண்ணி வருது மாப்ள."

"கடல்ல தண்ணி வராம சோடாவா வரும்?"

"டேங்க்ல வருது."

சிரிப்பு நின்றது. "சுத்தம்னு நீங்கதானே சொன்னீங்க? எங்க வீட்டுக்காரர் கழுவுனா டேங்க்ல சோறு போட்டுத் திங்கலாம்னு அக்கா வேற சத்தியம் பண்ணுச்சு."

"பாக்குறேன், இரு."

"பாருங்க. அண்ணன் படகுக்கு ஆனது நமக்கு ஆகிடக் கூடாது."

தலை போனது. வெளிச்சம் திரும்பியது. அவன் கழுத்து மட்டும் வியர்த்திருந்தது.

மேலே சமையல்காரரும் வலைக்காரரும் ஐஸ் கட்டிகளைத் தள்ளுகிற சத்தம் கேட்டது. அவர்கள் இரண்டு பேர், சின்னவன், இவன். ஆக நாலு பேர். ஆறு மணி நேர ஓட்டத்துக்கு அப்பால் டீசலில் தண்ணீர் புகுந்து இஞ்சின் நின்றால், படகு திரும்பிக்கொண்டு அலையை விலாவில் வாங்கும். அதற்குப் பிறகு மெக்கானிக்கும் ஒன்றுதான், ஐஸ் கட்டியும் ஒன்றுதான்.

தண்ணீர் பட்டால் சிவக்கிற பசையை அளவுகம்பியில் தடவி டேங்குக்குள் இறக்கினான். எடுத்தபோது ஒரு சாண் உயரம் சிவந்திருந்தது. துடைத்துவிட்டு மறுபடி தடவி இறக்கினான். ஒன்றரைச் சாண். அடியில் தண்ணீர் ஏறுகிறது. கழுத்திலோ டீசல் ஒரு நூல்கூட உயரவில்லை. அப்படியானால் அந்த டீசலை உள்ளே ஏதோ குடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

பில்டரைக் கழற்றினான். காகித மடிப்புகளில் கறுப்புப் பாசி அப்பியிருந்தது. தண்ணீரும் டீசலும் சந்திக்கிற கோட்டில் வளர்கிற வழவழப்பு அது, அவனுக்குப் புதிதல்ல. ஆனால் அது வளர மாதக்கணக்கில் ஆகும்; இந்த பில்டர் முந்தாநாள் மாட்டியது. இழுத்தான். இழை இழையாக வந்தது. அறுபடவில்லை. விரலில் சுற்றி, வாசல் வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்தான்.

பாசியில்லை, முடி. அடிப்பக்கம் நரைத்திருந்தது.

துணியில் துடைத்தான். துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தான். புது பில்டர் இரண்டு இருந்தன. ஒன்றை மாட்டிவிட்டு, மற்றதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். மறக்க நினைத்தது வந்து எதிரில் உட்கார்ந்துகொண்டது.

பெரிய மச்சான். மனைவிக்கும் சின்னவனுக்கும் மூத்தவர், தலைக்குக் கறுப்புச் சாயம் பூசுகிறவர், வேறொரு படகில் இஞ்சின்காரர். எட்டு மாதத்துக்கு முன் இவன் கையில் பில்டர் இல்லாமல் தவித்தபோது, தன் பெட்டியில் இருந்த ஒரே ஸ்பேரை எடுத்துக் கொடுத்தார். "கடலுக்குப் போறதுக்குள்ள குடுத்துடு மாப்ள, மறந்துடாத." இவன் மறக்கவில்லை. மறுநாளே புதிது வாங்கிவிட்டான். அதைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய காலையில் தூக்கம் கண்ணைச் சுழற்றியது. நாலு நாளில் திரும்பிவிடுவார், அப்போது கொடுத்தால் போச்சு என்று புரண்டு படுத்தான். பில்டர் அடைத்து இஞ்சின் நிற்கிறது, ஸ்பேர் இல்லை என்று வயர்லெஸ்ஸில் அவர் குரல் ஒரு தடவை வந்ததாம். அதற்குப் பிறகு பலகைகள்தான் கரைக்கு வந்தன. படகில் நாலு பேர்.

"அவ்வளவு நிதானமான மனுஷன் ஸ்பேர் இல்லாம எப்படிப் போனார்?" என்று வீடு முழுக்க அழுதபோது, இவனும் சேர்ந்து தலையை ஆட்டினான்.

எவ்வளவு டீசல் மிச்சம் என்று பார்க்க இஞ்சின்காரர்கள் டேங்கை விரல்முட்டியால் தட்டுவார்கள். காலியான இடம் ஓங்கி ஒலிக்கும், நிறைந்த இடம் மந்தமாக. கை பழக்கத்தில் அவனும் தட்டினான்.

டொக்.

உள்ளேயிருந்து பதில் வந்தது.

டொக்.

கையை எடுத்தான். அது நிறுத்தவில்லை. அடியிலிருந்து மேலே ஏறியது. ஒரு சாண். டொக். இரண்டு சாண். டொக். மட்டம் தேடுகிறவர் தட்டுகிற மாதிரி, அவசரமில்லாமல், தகட்டின் மறுபக்கத்தில். அழுகிய கயிற்றின் வாடை அறை முழுக்க நிறைந்தது.

மேலே ஓடிச் சொல்லியிருக்கலாம். படகு நின்றிருக்கும். சொல்வதென்றால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். அண்ணனைக் கொன்றது யார் என்று தம்பியிடம், மனைவியிடம், பெரிய மச்சானின் மனைவியிடம்.

டேங்கின் மேல்மூடியின் போல்ட்டுகளைக் கழற்றினான். ஒரு கை நுழைகிற வட்டம். உள்ளே தேன் நிறம், அதன் அடியில் இருட்டு.

"மச்சான்," என்றான். "உங்க பில்டர்."

முழங்கைவரை கையை விட்டான். குளிர்ந்தது. பில்டர் கையிலிருந்து போனது. விழவில்லை. நீட்டியதை ஒருவர் வாங்கிக்கொள்கிற மாதிரி, மெல்லப் போனது.

தட்டல் நின்றது.

மூடியைப் போட்டு இறுக்கினான். ஒரு போல்ட்டை மூன்று முறை தவறவிட்டான். அரை மணி கழித்துக் கம்பியை இறக்கினான். பசை சிவக்கவில்லை. கிண்ணத்தில் சுத்தமான டீசல். அவன் உட்கார்ந்து சிரித்தான். கண்ணில் தண்ணீர் வந்தது.

ஐந்து மணிக்குச் சின்னவன் எட்டிப் பார்த்தான். இஞ்சின் பிசிறில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"மாமா கை வச்சா கைதான். ஸ்பேர் பில்டர் இருக்குல்ல?"

வாய் திறந்தது. இப்போதும் நேரமிருந்தது. கயிறு இன்னும் கரையில்தான்.

"இருக்கு," என்றான்.

கயிறு அவிழ்ந்தது. துறைமுகச் சுவர் கடந்தது. வெயில் மஞ்சளாகி, சிவந்து, கடலில் இறங்கியது. சமையல்காரர் ஏதோ சொல்ல, மற்ற இரண்டு பேரும் சிரிப்பது பலகை வழியாகக் கேட்டது. அவன் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சுத்தம். சுத்தம். சுத்தம்.

கரை மறைந்தது.

இஞ்சின் ஒருமுறை இருமியது.

கிண்ணத்தின் அடியில் ஒரு கோடு. ஏறியது. பாதி. முக்கால். முழுக்கத் தண்ணீர்.

இஞ்சின் நின்றது.

இத்தனை நேரம் சத்தத்துக்கு அடியில் கிடந்ததெல்லாம் இப்போது கேட்டது. அலை பலகையைத் தடவுவது. எங்கோ சொட்டுவது. பின்னால் ஒரு போல்ட் தானாகச் சுற்றுவது. இன்னொன்று. தரையில் ஒவ்வொன்றாக உருண்டன.

"மாமா! என்ன ஆச்சு? ஸ்பேரை மாட்டுங்க சீக்கிரம்!"

திரும்பினான்.

டேங்கின் மூடி சரிந்து கிடந்தது. ஒரு கை மட்டுமே நுழையக்கூடிய அந்த வட்டத்திலிருந்து கைகள் வந்திருந்தன. வெளுத்து, ஊறி, டீசல் சொட்ட. நாலு வலது கைகள். மூன்று வெறுங்கைகள், உள்ளங்கை மேலே பார்க்க, வர வேண்டியதை வாங்க நீட்டுகிற மாதிரி. நாலாவது கையில் அவன் கொடுத்த பில்டர். எட்டு மாதம் கடலடியில் கிடந்தது போல் சேறும் சிப்பியும் ஒட்டி, காகிதம் கரைந்து. அதை அந்தக் கை அவன் காலடியில் வைத்தது. வேண்டாம் என்று வைக்கிற மாதிரி. பிறகு அதுவும் மற்ற மூன்றோடு விரிந்து நின்றது.

"மாமா?" படகு மெல்லத் திரும்பி அலைக்கு விலாவைக் காட்டியது. மேலே மூன்று பேர். கீழே ஒருவன்.

வாங்கியது ஒரு பில்டர். பாக்கி நாலு உயிர்.