ஆளையே அனுப்பிவிட்டாள்

வீட்டில் இருப்பவர்கள் இரண்டு பேர் என்று திரை காட்டியது. ஒருத்தி, ஒல்ஃபாவின் ஏழு வயது மகள் மலாக். இன்னொருத்தி, ஒல்ஃபா. அந்த ஒல்ஃபாவோ ஆபீசில், அதே திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

சனியன் பிடித்த பிழை. கதவிலும் சுவரிலும் ஒட்டிய சிறு கருவிகளைக் கொண்டு வீட்டுக்குள் யார் இருக்கிறார்கள் என்று சொல்லும் புரோகிராம் அது. சோதனைக்குத் தன் வீட்டையே கொடுத்திருந்தாள். ரமலான் மாதம், விடிந்ததிலிருந்து ஒரு வாய் காபி இல்லாமல் தலை விண்விண்ணென்று தெறித்தது. நோன்பு திறக்கும் நேரம் நெருங்க, துனிஸ் நகரமே வீட்டைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. மலாக்கைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரியும் தன் அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டாள். குழந்தை தனியாக இருக்க, இங்கே இப்படி மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறோமே என்று தன் மேலேயே எரிச்சல் வந்தது.

கூட வேலை செய்யும் ஹைதம் பையை மாட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தான்.

"என்ன ஒல்ஃபா, ரெண்டு எடத்துல இருக்கியா? அப்ப ஒருத்தி இங்க வேலை பாக்கட்டும், ஒருத்தி போய் ஷோர்பா சூப் குடிக்கட்டும்."

"வெறுப்பேத்தாத. சோதனை ஃபைல்ல 'ஒல்ஃபா'ன்னு ஒரு ஆளைச் செஞ்சேன். அவளை அங்க வீட்டுக்குள்ள விட்டா, நெஜக் கணக்கு பாக்குற ஃபைல்லயும் உள்ள நிக்கிறா."

"நிக்காம? ஆளைச் செய்யுற ஃபங்ஷனை, அந்தச் செய்முறையை மட்டும் எக்ஸ்போர்ட் பண்ணி அனுப்பியிருந்தா, ஒவ்வொரு ஃபைலும் தனக்குப் புதுசா ஒருத்தியைச் செஞ்சிக்கும். நீ ஆளையே அனுப்பி வச்சிருக்க. போறது பிரதி இல்ல தாயே, அதே ஆள். இங்க தொட்டா அங்க மாறும், அங்க தொட்டா இங்க மாறும்."

அடச்சே! தெரிந்த விஷயம்தான், பசியில் கோட்டை விட்டிருக்கிறாள். அவன் சிரித்துக்கொண்டே லிஃப்டில் இறங்கிப் போனான்.

திருத்தினாள். இரண்டு பேர். சோதனை ஃபைலையே அழித்தாள். இரண்டு பேர். எல்லாவற்றையும் நிறுத்தி மறுபடி ஓட்டினாள். அப்போதும் இரண்டு பேர். மேசையை ஓங்கிக் குத்தினாள்.

தெருவில் கார்களின் இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்து, கடைசியாக ஒரு மோட்டார் சைக்கிள் முக்கு திரும்பிப் போனபின், தண்ணீர் இயந்திரத்தின் முனகலும் அவள் மூச்சும் மட்டும் அந்த நீண்ட அறையில் மிச்சமிருந்தன. அப்போதுதான் வாசனை வந்தது. தக்காளி, கொத்தமல்லி, கொதிக்கும் இறைச்சி. ஆபீசில் அடுப்பே கிடையாது. கையை முகர்ந்தாள். வாசனை அவள் விரல்களிலிருந்துதான் வந்தது.

வீட்டுக்குப் போன் போட்டாள்.

"எதுக்கும்மா போன் பண்ற?" என்றாள் மலாக். "சமையலறையிலதான நிக்கிற?"

"நான் ஆபீஸ்ல இருக்கேன்டா கண்ணு."

"பொய். உன் வாய் அசையுது. ஆனா சத்தம் போன்லதான் வருது."

ஒல்ஃபாவின் கை தானாக நெற்றிக்குப் போனது.

"இப்ப நெத்தியில கை வச்சிருக்க."

எரிச்சலெல்லாம் எங்கேயோ போயிற்று.

"மலாக், ஓடு! பக்கத்து வீட்டுக்கு ஓடு!"

"எப்படிம்மா? நீதான் கதவை மறிச்சிக்கிட்டு நிக்கிறியே."

நாற்காலி பின்னால் விழுந்தது. ஒல்ஃபா எழுந்து நின்றிருந்தாள். எழ வேண்டும் என்று அவள் நினைக்கவே இல்லை. கால் ஓர் அடி வைத்தது. இன்னோர் அடி. இதுவரை இவள் அசைந்தாள், வீட்டில் நிற்கும் அது அசைந்தது. இப்போது அது அசைகிறது, இவள் அசைகிறாள்.

முழங்கால் மடங்கியது. குழந்தையின் உயரத்துக்கு. வலது கை நீண்டது. வெறும் காற்றில் எதையோ பற்றியது.

சூடாக. மெல்லிதாக. உள்ளே ஒரு நாடி படபடவென்று அடித்தது.

போனைக் கீழே போட்டு, இடது கையால் விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள். ஒன்றுகூட அசையவில்லை.

"அம்மா," என்று தரையிலிருந்து குரல் வந்தது. "வலிக்குதும்மா. விடும்மா."

விரல்கள் இறுகின.