அட்டையில் நின்ற போல்ட்டுகள்

முதல் போல்ட் விரலிலேயே கழன்று வந்துவிட்டது.

துருப்பிடித்து இறுகியிருக்கும், ஸ்பானரைச் சுத்தியலால் தட்டித்தான் அசைக்க வேண்டும் என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள். கிளட்ச் மாற்றக் கியர்பாக்ஸை இறக்கக் காருக்கடியில் வியர்த்துக் கிடந்தவன் அந்தப் போல்ட்டையே பார்த்தான். காலையில்தான் இந்தக் காரில் கடைக்குப் போய் வந்தார்கள். இவ்வளவு தளர்ந்திருந்தால் வழியிலேயே சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்ட் கழன்று விழுந்திருக்காதா?

"என்னங்க, முடியலைன்னா விட்டுடுங்க. ஒர்க்‌ஷாப்ல குடுத்துக்கலாம்."

ஷெட் வாசலில் நின்ற மனைவியின் நீலச் செருப்பு மட்டும் தெரிந்தது.

"ஏன், உன் மெக்கானிக்குக்கு மட்டும்தான் கியர்பாக்ஸ் இறக்கத் தெரியுமா?"

நீலச் செருப்பு ஒரு எட்டு உள்ளே வந்தது.

மெக்கானிக் அவளுடைய முதல் கணவன். காய்ச்சலில் செத்து மூன்று வருடமாகிறது. வீடு, கார், சுவரில் அளவு வாரியாகத் தொங்கும் ஸ்பானர்கள், எல்லாம் அவன் வாங்கியவை. எட்டு மாதத்துக்கு முன் கல்யாணமாகி ஒரே பெட்டியோடு இந்த ஊருக்கு வந்து இறங்கிய இவனுக்கு, அவளும் அவன் விட்டுப்போன பொருள்தானோ என்று சில நாள் தோன்றும். மெக்கானிக்கை வாடா போடா என்றுதான் கூப்பிடுவாளாம். அவள் அக்கா சிரித்துக்கொண்டே சொன்னாள். இவனுக்கு மரியாதைக்கு மட்டும் குறைவில்லை.

அப்புறம் அந்த அட்டை. கியர்பாக்ஸின் உருவத்தைப் பென்சிலால் வரைந்து, கழற்றிய போல்ட்டை அதனதன் இடத்தில் குத்தி வைக்க மெக்கானிக் ஓட்டை போட்டு வைத்தது. வாராவாரம் அதைத் துடைத்து மறுபடி ஆணியில் மாட்டுவாள். காலையில் இவன் அதை நாலாகக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டான். கழற்றியதையெல்லாம் பிஸ்கட் டப்பாவில் போட்டான். கியர்பாக்ஸுக்கு அடியில் முட்டுக் கொடுக்கும் ஜாக்கியைக் கடைசியில் கொடுத்துக்கொள்ளலாம் என்று சுவரோரம் விட்டிருந்தான்.

தகரக் கூரையில் மழை விடாமல் இரைந்தது. பகலிலேயே ஷெட் இருட்டியது. ஷாஃப்ட் இறங்கியது, அடியில் தாங்கிய குறுக்குச் சட்டம் இறங்கியது, கியர்பாக்ஸைச் சுற்றிக் கைவைத்த போல்ட் ஒவ்வொன்றும் இவனுக்கு முன்னால் யாரோ தொட்டுவிட்டுப் போனதுபோல் தளர்ந்தே இருந்தது. கருகிய கிளட்ச் நாற்றத்துக்கும் சொட்டுகிற ஆயில் நாற்றத்துக்கும் நடுவே இன்னொரு வாசனை. குளியலறை மூலையில் அவள் இன்னும் தூக்கிப் போடாத பச்சை சோப்பு. மெக்கானிக் கைகழுவும் சோப்பு.

"அந்த டார்ச்சைக் கொஞ்சம் இப்படி அடி."

வெளிச்சம் வரவில்லை. டப்பாவுக்காகக் கையை நீட்டினான். காலி.

தலையைத் திருப்பினான்.

பின்சக்கரத்தின் பக்கத்தில் அட்டை கிடந்தது. முழுசாக. கிழிந்த தடம்கூட இல்லை. போல்ட்டுகள் அதனதன் ஓட்டையில் வரிசையாக நின்றன. உச்சியில் ஒரே ஒரு ஓட்டை காலி.

கியர்பாக்ஸ் தொங்கிக்கொண்டிருக்கும் அந்தக் கடைசி போல்ட்டை இவன் இன்னும் கழற்றவில்லை.

அப்போது அவள் சிரித்தாள். தொண்டைக்குள்ளிருந்து, குழைந்து. பயத்துக்கு முன்னால் வயிறுதான் எரிந்தது. என்கிட்ட ஒருநாளாவது இப்படிச் சிரிச்சிருக்கியா?

நீலச் செருப்புக்கு அருகில் இரண்டு வெறுங்கால்கள். குதிகால் வெடிப்பெல்லாம் கறுத்த கிரீஸ்.

"டேய், மெதுவாடா," என்றாள். "உள்ள ஆள் இருக்கு."

கியர்பாக்ஸின் வால் ஒரு விரற்கடை தாழ்ந்து, நெஞ்சில் உட்கார்ந்தது. ஜாக்கி. ஜாக்கி எங்கே? சுவரோரம். கை எட்டவில்லை. கூப்பிட வாய் திறந்தான். மூச்சு வரவில்லை.

மழை நின்றது.

க்ரிக்.

மேலே. கடைசி போல்ட். ஸ்பானர் இல்லை. கை இல்லை. ஒரு சுற்று.

க்ரிக்.

நீலச் செருப்பு மடங்கியது. வண்டிக்கடியில் அவள் கை நீண்டது. வளையல் தரையில் உரசியது. இவன் தன் கையைக் கொடுத்தான். அவள் அதைப் பக்குவமாக ஒதுக்கி வைத்தாள். பிறகு, விழப்போகும் போல்ட்டுக்காக, உள்ளங்கையை விரித்துக் காத்திருந்தாள்.