அலமாரிக்கு முன்னால் ஒரு போராட்டம்

பஸ் ஓட்டும் அப்பா செய்தித்தாளை விரித்ததும், "அடேங்கப்பா!" என்றார்.

"கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற நாட்டுக்குச் சுதந்திரம் கிடைச்சிடுச்சு! நூறு வருஷமா வெளிநாட்டுக்காரங்க ஆட்சி. மக்கள் எல்லாரும் ரோட்டுல போய் உட்கார்ந்துட்டாங்க. எழுந்திரிக்கவே இல்லையாம்!"

"யாரும் அடிக்கலையாப்பா?" என்று கேட்டாள் வாலு. அவளுக்குப் பத்து வயது.

"அடிச்சாங்க. இவங்க திருப்பி அடிக்கலை, நகரவும் இல்லை. அதைப் பார்த்துட்டு இன்னும் ரெண்டு நாட்டுல உட்கார்ந்துட்டாங்க." அப்பா தலையைச் சொறிந்தார். "நல்லவேளை, என் பஸ் அந்தப் பக்கம் போகலை."

வாலுவின் பள்ளியில் இருப்பது ஒரே ஓர் ஊஞ்சல். "சின்னப் பசங்களுக்கு எதுக்கு ஊஞ்சல்?" என்று ஏழாம் வகுப்புக்காரர்கள் மற்றவர்களை விரட்டிவிடுவார்கள். அன்று இடைவேளையில் வாலு நேரே போய் ஊஞ்சலுக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். பயத்தில் வயிறு கலக்கியது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை. அவள் வகுப்பே பின்னால் வந்து உட்கார்ந்தது. அதைப் பார்த்து நான்காம் வகுப்பும் உட்கார்ந்தது. ஆட வழியில்லாமல் ஏழாம் வகுப்புக்காரர்கள் கையைப் பிசைந்தார்கள். கடைசியில், வகுப்புக்கு ஒரு நாள் என்று முடிவானது.

மாலையில் கால் தரையில் பாவாமல் வீட்டுக்கு ஓடிவந்து, நடந்ததை வீட்டில் எல்லாரிடமும் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள் வாலு. பிறகு சட்டை மாற்ற அறைக்குப் போனாள்.

அலமாரிக்கு முன்னால் ஆறு வயதுத் தங்கை மிளகு சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவளுடைய கரடி பொம்மை.

"நகருடி."

"மாட்டேன். மூணு தட்டும் உனக்கு. என் துணி மட்டும் கட்டிலுக்கு அடியில, பையில கிடக்கு. எனக்கும் ஒரு தட்டு வேணும்!"

"சின்னப் பிள்ளைக்கு எதுக்குடி தட்டு?"

சொன்ன பிறகுதான் வாலுவுக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் அலமாரி அவளுடைய ராஜ்ஜியம் அல்லவா? மிளகைத் தூக்கி ஓரமாக வைக்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

மிளகின் உதடு துடித்தது. கரடியை இறுக்கிக்கொண்டாள். நகரவில்லை.

அந்த வயிற்றில் இப்போது என்ன நடக்கிறது என்று வாலுவுக்குத் தெரியாதா என்ன? பாவமாக இருந்தது.

"மேல் தட்டு உனக்கு எட்டாது. நடுத்தட்டை எடுத்துக்கோ" என்று தன் சாமான்களை இறக்கினாள்.

மிளகு தன் உடுப்புகளை அடுக்கினாள். அப்படியும் பாதித் தட்டு காலியாகவே இருந்தது. வாலுவின் கையிலோ புத்தகக் குவியல்.

"இங்கேயே வெச்சுக்கலாம் அக்கா" என்றாள் மிளகு பெருந்தன்மையாக. "ஆனா, என்னைக் கேட்டுட்டு வைக்கணும்."

தங்கையிடம் எதையும் கேட்டுப் பழக்கமில்லாத அக்கா தொண்டையைச் செருமினாள்.

"வெச்சுக்கலாமா?"

மிளகு கரடியைப் பார்த்தாள். கரடிக்கு ஆட்சேபணை இல்லை.