வெறும் எண்ணெய் குடித்த எலிகள்

பிணத்தின் வயிறு பிளந்து கிடந்தது.

கொலைகாரி நிதானமாகக் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"ஐயய்யோ!"

வாசலில் அலறல். கம்பெனிக்காரர்! சென்ட் மணக்கும் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"எலிதான் சார். பயப்படாதீங்க, செத்துப்போச்சு."

ஆய்வகத்தில் அவளுக்குத் 'தராசு' என்று பெயர். எலியை அறுப்பாள். கருப்பையை எடுப்பாள். எடை போடுவாள். அவ்வளவுதான் உத்தியோகம்.

எல்லாம் சினைப்பையை முன்பே எடுத்துவிட்ட பெண் எலிகள். பெண் ஹார்மோன் ஊறாததால் கருப்பை நூலாகச் சுருங்கியிருக்கும். ஒரு கூண்டுக்கு எண்ணெயில் கலந்த ரசாயனம். இன்னொரு கூண்டுக்கு வெறும் எண்ணெய். ரசாயனக் கூண்டில் மட்டும் கருப்பை வீங்கினால், அந்த ரசாயனம் பெண் ஹார்மோன் வேஷம் போடுகிறது என்று அர்த்தம்.

அந்த ரசாயனம் போகவிருந்த இடம்...

குழந்தைகளின் பால் பாட்டில்!

போன சோதனையில் இரண்டு கூண்டுமே வீங்கியிருந்தன. "வித்தியாசம் இல்லை. ஆகவே பத்திரம்" என்றார் ஆய்வகத் தலைவர். "வெறும் எண்ணெய்க்கு எப்படி சார் வீங்கும்? யாரோ அதுல கை வெச்சிருக்காங்க" என்று அவள் மல்லுக்கு நின்றதால்தான் இந்த இரண்டாவது சோதனை. இன்றும் வித்தியாசம் இல்லையென்றால் சான்றிதழ் போய்விடும். இந்தக் கம்பெனிக்காரரின் பாட்டில் கடைக்கு வந்துவிடும்.

தலைவர் வந்தார். முதலில் தொப்பை வந்தது. பின்னால் பட்டங்கள் வந்தன. கையில் ஜாம் தடவிய பன்.

"அறிவியலுக்கு இது ஒரு பொன்னாள்!" என்றார். ஜாம் எலியின் மேல் சொட்டியது. விரலால் அதை வழித்து... நக்கிக்கொண்டார்!

தராசுக்கு மூத்திர நாற்றமும் ஃபார்மலின் நெடியும் பழகிவிட்டன. இந்த மனிதர்தான் பழகவில்லை.

சோதனைக் கூண்டுகள் இரண்டையும் தள்ளிக்கொண்டு கால்நடை டாக்டர் வந்தார். எலிகளுக்கு அவர் பொறுப்பு. அவளுக்குப் புருஷன்.

காதருகே குனிந்தார். "லேபிள் விஷயம் வேற யாருக்கும் தெரியாதுல்ல?"

"உங்களுக்கும் எனக்கும்தான்."

சோதனை தொடங்கிய அன்று சமையலறையில் அவரிடம் சொல்லியிருந்தாள். 'ரெண்டு பாட்டில் லேபிளையும் மாத்தி ஒட்டிட்டேங்க. எண்ணெய்னு நினைச்சு தலைவர் கை வெச்சார்னா, வசமா மாட்டுவார்.'

'பலே கில்லாடிடி நீ!' என்று கன்னத்தைக் கிள்ளியிருந்தார்.

'ரசாயனம்' என்று எழுதிய கூண்டு முதலில்.

கத்தரி... இடுக்கி... தராசு.

ஒவ்வொன்றும் கொழுத்து, நீர் கோத்து, பளபளவென்று இருந்தது!

"சாதாரண வீக்கம்" என்றார் தலைவர், பன்னை மென்றபடி. "அடுத்ததும் இப்படித்தான் இருக்கும். என் ஞானதிருஷ்டி சொல்லுது."

'எண்ணெய்' கூண்டு.

வயிறு திறந்தது.

நூல்!

இன்னொன்று... அதுவும் நூல்! அடுத்தடுத்து நூல்!

"இருக்காதே!" புருஷன் முண்டியடித்துக்கொண்டு வந்தார். "இதுவும் வீங்கியிருக்கணுமே!"

"ஏங்க வீங்கணும்? எண்ணெய்னுதானே எழுதியிருக்கு?"

"அடியேய், நீதானே லேபிளை மாத்தினே! இதுங்க குடிச்சது ரசாயனம்! வீங்காம எப்படி..."

சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

தாமதம்!

"அது வீங்க வைக்கும்னு உங்களுக்கு எப்படிங்க தெரியும்? அதைக் கண்டுபிடிக்கத்தானே நாங்க இங்க ரத்தத்துல நிக்கிறோம்?"

அவர் கூண்டுக்குப் பின்னால் நகர்ந்தார்.

"நான் லேபிளை மாத்தவே இல்ல."

"எ... என்னது?"

"மாத்திட்டேன்னு உங்ககிட்ட மட்டும் சொன்னேன். நீங்க எண்ணெய்னு நினைச்சு, ரசாயன பாட்டில்ல மாத்திரையைப் பொடி பண்ணிக் கொட்டிட்டீங்க. மெஷின்ல வெச்சுப் பாத்தாச்சு. கருத்தடை மாத்திரை, அதுல இருக்கறதே பெண் ஹார்மோன்தான்! நீங்க தொடாத எண்ணெய் அப்படியே சுத்தமா இருந்துச்சு. அதான் நூல். அப்போ போன தடவை எண்ணெய்க் கூண்டை வீங்க வெச்சது யாரு?"

கம்பெனிக்காரர் சுவரோரமாக நழுவினார். "எனக்கு இவரை... அவ்வளவா பழக்கமில்லீங்க."

"யோவ்! உன் கம்பெனியில பெரிய டாக்டர் வேலைன்னு சொல்லித்தானேய்யா செய்யச் சொன்னே!" புருஷன் கத்தினார்.

"வெளியில ஜீப் நிக்குது. ரெண்டு பேருக்கும் இடமிருக்கு" என்றாள் தராசு.

"என்மேல எப்படிடி சந்தேகம் வந்துச்சு?"

"இந்தக் கம்பெனி சாம்பிள் பாட்டிலை எங்க அக்கா குழந்தைக்குப் பாசமா கொண்டுபோய்க் குடுத்தீங்க. நம்ம பாப்பாவுக்கு மட்டும் கடை கடையா ஏறி இறங்கி கண்ணாடி பாட்டில் வாங்கிட்டு வந்தீங்க. த்தூ! எலிக் குடலை அளையறப்போகூட எனக்கு இப்படி அருவருத்ததில்ல."

பன் தலைவரின் தொண்டையில் சிக்கியிருந்தது. "அம்மா... அந்தச் சான்றிதழ்..."

"குடுக்க முடியாது சார்."

"காலையிலேயே கையெழுத்துப் போட்டுட்டேனே!"

"ஞானதிருஷ்டியாலயா சார்? கிழிச்சுப் போடுங்க."

தலைவர் தானே கிழித்தார். இத்தனை வருடத்தில் அந்த ஆய்வகத்தில் அவர் கையால் நடந்த முதல் வேலை!

காவலர்கள் உள்ளே வந்தார்கள். வாசல் தாண்டும்போது புருஷன் திரும்பினார். கண் கலங்கியிருந்தது.

"கட்டின புருஷன்டி நான்! நேரா என்னைக் கேட்டிருக்கக் கூடாதா?"

தராசு அடுத்த எலியை மல்லாக்கப் போட்டாள்.

"கேட்டா நீங்க வாயைத் திறந்து பொய் சொல்லுவீங்க. இதுங்க வயித்தைத் திறந்து உண்மையைச் சொல்லுது!"