பூஜை போட்ட பொம்மைக் கார்கள்

அரவேணு பங்களாவுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பனிமூட்டத்தில் வாசல்கூடத் தெரியவில்லை. எனக்கோ எதற்கும் பயப்படுகிற தெம்பில்லை. இலங்கைத் தோட்டத்தில் துரையின் காரை ஓட்டிக்கொண்டிருந்தவன் நான். சொந்த நாட்டுக்குப் போ என்று குடும்பத்தோடு கப்பலேற்றி அனுப்பினார்கள். வரும் வழியில் காய்ச்சல் கண்டு மூத்த பிள்ளை போயிற்று. இங்கே தேயிலைத் தோட்டத்தில் மண்வெட்டியும், கூலிகளுக்கான வரிசையில் ஒழுகுகிற லைன் வீடும் கொடுத்தார்கள். என் மனைவி ஆண்டாயிக்கு மறுபடியும் மாசம் நெருங்கியிருந்தது. இந்தப் பிள்ளையாவது நனையாத இடத்தில் பிறக்கட்டும் என்றுதான் காவல் வேலைக்கு ஒப்புக்கொண்டேன்.

எஸ்டேட் கிளார்க் வேலுமணி சாவியைக் கொடுத்தார்.

"ஏனுங்க பொன்னுத்துரை, பின்னாடி ரூம்புல தங்கிக்குங்க. ஊட்டைக் கூட்டி வெச்சாப் போதும். இங்க இருந்து செத்துப்போன தொரையோட கார் பொம்மைகளை மட்டும் நகத்தீராதீங்க."

கண்ணாடி அலமாரி நிறைய அந்தக் காலத்து ரேஸ் கார்கள். உள்ளங்கை அளவுதான், ஆனால் அச்சு அசல். கம்பிச் சக்கரம், தோல் தைத்த சீட்டு, விரலால் தொட்டால் திரும்பும் ஸ்டியரிங். பார்த்ததும் வயிறெரிந்தது. பொம்மைக்குக்கூட நல்ல கூரை இருக்கிறது.

ஆயுத பூஜையன்று ஆண்டாயி ஒவ்வொரு காருக்கும் பொட்டு வைத்தாள். முழு எலுமிச்சம்பழம் கார் அளவுக்கே இருந்ததால், நறுக்கிச் சக்கரத்துக்கு முன்னால் ஒவ்வொரு துண்டு வைத்தாள்.

"பொம்மைக்கெல்லாமா பூசை? ஒனக்கு வேற வேலையில்ல."

"வண்டின்னா வண்டிதாங்க. விட்டுட்டாக் கோவிச்சுக்கும்."

பழம் வைத்தால் வண்டியை ஏற்றி நசுக்க வேண்டும், அதுதான் முறை. நகர்த்தக் கூடாதென்று உத்தரவு இருந்ததால் அப்படியே அலமாரியைப் பூட்டிவிட்டுத் தேத்தண்ணீர் குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது துண்டுகள் நசுங்கியிருந்தன.

எல்லாக் கார்களின் கீழும்.

பூட்டு பூட்டியபடி இருந்தது. கண்ணாடி இடுக்கில் பெட்ரோல் நாற்றம் கசிந்தது.

அன்றிலிருந்து மத்தியானம் பனி இறங்கும்போதெல்லாம் அந்த அறையில் இன்ஜின் உறுமும். ஆண்டாயி புதிதாகத் துண்டு வைத்தால் அடங்கும். மாட்டுக்குப் புல் போடுவதுபோலத் தினமும் வைத்தோம். பயந்து ஓடுவதற்கும் ஓர் இடம் வேண்டுமே.

அவளுக்கு வலி கண்ட அன்று யாருக்கும் எலுமிச்சை நினைவில்லை. மருத்துவச்சி மருதாம்பாள் என்னை எங்கள் அறைக்கு வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தினாள். பட்டப்பகலில் கூடம் இருண்டது.

இன்ஜின் சத்தம் கூடத்தைக் கடந்து வந்தது.

என் கால்களுக்கு நடுவே குளிர்காற்று போயிற்று.

கதவுக்கு அந்தப்பக்கம் சத்தம் நின்றது. பிள்ளை அழுதது.

பெண் பிள்ளை. மருதாம்பாள் அதன் பாதங்களை விளக்கருகே தூக்கிப் பிடித்தாள்.

"உள்ளங்கால்ல என்னுங்க இது?"

இரண்டு பாதத்திலும் டயர் தடம். துடைத்தாள், போகவில்லை.

மறுநாளே சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். வேலுமணி இதை எதிர்பார்த்தவர்போல வாங்கிக்கொண்டார். ஒழுகுகிற லைன் வீட்டுக்கே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனோம். நனைந்தால் நனையட்டும், உயிரோடு இருந்தால் போதும். சொட்டுவதற்குக் கீழே சட்டிகளை வைத்துவிட்டு ஆண்டாயி படுத்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அயர்ந்து தூங்கினாள். நானும் கண்ணை மூடினேன்.

தொட்டிலிலிருந்து பெட்ரோல் வாசனை வந்தது.

எட்டிப் பார்த்தேன். பிள்ளை நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது. இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் முஷ்டியாகப் பிடித்திருந்தது. கைகள் இடப்பக்கம் திரும்பின. நிதானமாக நேராயின. பிறகு வலப்பக்கம். மலைப்பாதையில் வண்டி ஓட்டியவனுக்கு அது தெரியும். கொண்டை ஊசி வளைவு.

முஷ்டியைப் பிரித்துவிடப் பார்த்து விரலை நுழைத்தேன்.

பச்சைப்பிள்ளை என் கையையும் சேர்த்து வளைத்துத் திருப்பியது.